திரியா, எண்ணெயா? — விளையாட்டு வீரர் உணவின் கதை

அரபு மொழியில் ‘ரியாளத்’ என்றொரு சொல் உண்டு. நம் முன்னோர் எழுதி வைத்த ஞான நூல்களில் அச்சொல் மனத்தை அடக்கிப் பழக்கும் பயிற்சியைக் குறிக்கும். இன்று அரபு நாட்டுச் செய்தித்தாள் ஒன்றைப் பிரித்தால், கால்பந்துச் செய்திகள் வரும் பக்கத்தின் தலைப்பிலும் அதே சொல்லைக் காணலாம். இவ்விரண்டுக்கும் மூலமான பொருளோ வேறு. பழக்கப்படாத குதிரைக் குட்டியைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பழக்குவதே அதன் முதற்பொருள்.

குதிரை என்றதும் மற்றொரு சொல்லும் நினைவுக்கு வருகிறது. அது ‘தள்மீர்’. பந்தயத்துக்குரிய குதிரையை முதலில் நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, உயிர் தாங்கும் அளவுக்குக் கொண்டு வருவார்கள். கொட்டிலில் அடைத்துப் போர்வை போர்த்தி வியர்க்க விடுவார்கள். ஏறத்தாழ நாற்பது நாட்களில் வேண்டாத சதை கழிந்து, உடல் இறுகி, மூச்சு நீளும். இவ்வாறு பக்குவப்படுத்திய குதிரைகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல் தொலைவுக்குப் பந்தயம் வைத்தார்கள். பக்குவப்படுத்தாத குதிரைகளுக்கு வைத்த தொலைவு ஒரு மைல் அளவே. ஹதீஸ் பாடத்தில் இதனைப் பல முறை ஓதியும் ஓதிக் கொடுத்தும் இருக்கிறேன். ஓடும் உயிருக்கு உணவும் பயிற்சியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்னும் அறிவு அச்செய்தியினுள் இருப்பது எனக்கு வெகுநாள் கழித்தே புலப்பட்டது.

புலப்பட வைத்தவர் என் பழைய மாணவர் ஒருவர். கபடி ஆடுகிறார், அறுபது கிலோ எடையிருப்பார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பெரியதொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டப்பாவின் மேல், தோள் புடைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் படம். உள்ளே புரதப் பொடி. “ஹஜ்ரத், இது ஹலாலா, பாருங்கள்” என்றார். விலையைக் கேட்டேன். தாயாரின் தோட்டை அடகு வைத்து வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பொடி இல்லாமல் உடம்பு ஏறாது, சோறு தின்றால் தொப்பைதான் ஏறும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

சேர்மானங்களைப் படித்து அவருடைய கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறதே! வலிமை எதிலிருந்து வருகிறது? சோற்றிலிருந்தா, இறைச்சியிலிருந்தா? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. கடைக்காரர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கன்று. மிகப் பழைய சரக்கு.

பண்டைய கிரேக்க மல்லர்கள் தொடக்கத்தில் உலர்ந்த அத்திப்பழமும், இளம் பாலாடைக்கட்டியும், கோதுமையும் உண்டே ஒலிம்பியாவுக்குப் போனார்கள் என்று அக்கால ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு இறைச்சி வந்தது. கொண்டு வந்தவர் யார் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஸ்டிம்ஃபாலஸ் ஊரைச் சேர்ந்த டிரோமியஸ் என்ற நெடுந்தூர ஓட்டக்காரர் என்பது ஒரு செய்தி. பைதாகரஸ் என்பது மற்றொரு செய்தி. கணக்கில் புகழ்பெற்ற பைதாகரஸ் புலால் மறுத்தவராகவும் சொல்லப்படுவதால், அவர் வேறு, இவர் வேறு என்று அன்றைக்கே விளக்கம் எழுதியவர்களும் உண்டு. யாராயினும் ஆகுக. இறைச்சி தின்றால் இறைச்சி ஏறும் என்னும் எண்ணம் வேர்விட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஒலிம்பியாவில் ஆறு முறை மல்யுத்தம் வென்ற குரோட்டன் நகரத்து மைலோ, நாளொன்றுக்கு ஒன்பது கிலோ இறைச்சியும் ஒன்பது கிலோ ரொட்டியும் தின்றதாகக் கதை கட்டினார்கள். நம் நாட்டிலும் காமா பஹல்வானைப் பற்றி இத்தகைய கதைகள் உலவுகின்றன. 1928-ல் பாட்டியாலாவில், போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்திய அந்த மாவீரர் பாலும் நெய்யும் வாதுமையும் உண்டார் என்பதில் ஐயமில்லை. அளவுகளை மட்டும் நான் நம்புவதில்லை. மல்லன் வெல்ல வெல்ல, அவனுடைய இலையில் உணவும் குவிந்துகொண்டே போகும். இது கதை சொல்வோரின் வழக்கம்.

மல்லர் உணவைப் பற்றிக் கதையாக இல்லாமல் கண்டறிந்ததை எழுதியவர், அரபு நூல்களில் ஜாலீனூஸ் என்று நாம் படிக்கும் கேலன். கி.பி. 129-ல் பெர்கமம் நகரில் பிறந்த இவர், 157 முதல் சில ஆண்டுகள் அந்நகரின் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராக இருந்தார். கிளாடியேட்டர்கள் என்போர் ரோமப் பேரரசில் மக்கள் கூடிக் களிக்க, அரங்கில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளப் பணிக்கப்பட்டவர்கள். பெரும்பாலோர் அடிமைகள். பிளந்த தசையையும் அறுந்த நரம்பையும் நாள்தோறும் கண்டவர் கேலன். அவர்கள் தினமும் உண்டது அவரைக் கஞ்சியும் வாற்கோதுமையும் என்றும், அதனால் அவர்களுடைய சதை இறுக்கமின்றித் தளர்ந்திருந்தது என்றும் அவர் குறித்திருக்கிறார். அவர்களுக்கு ‘வாற்கோதுமை தின்னிகள்’ என்ற ஏளனப் பெயரும் இருந்தது.

இதற்கு நம் காலத்தில் சான்று கிடைத்தது. இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் நகரில் 1993-ல் கிளாடியேட்டர்களின் இடுகாடு ஒன்றைக் கண்டார்கள். அவ்வெலும்புகளைச் சோதித்து வியன்னா ஆய்வாளர்கள் 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவு பெரும்பாலும் தானியமும் பருப்பும்தான். ஆனால் ஊராரின் எலும்பில் இருப்பதைவிட ஸ்ட்ரான்ஷியம் என்னும் தாது இவர்களிடம் மிகுந்திருந்தது. செடிகொடிகளின் சாம்பலைக் கரைத்த பானம் ஒன்றை வீரர்கள் அருந்தியதாகப் பழைய ரோம நூலொன்றில் குறிப்பு இருக்கிறது. எலும்பில் ஏறிய தாது அதிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உழைத்தவன் உடலுக்குத் தாது உப்பு வேண்டும் என்பதை வேதியியல் பிறப்பதற்கு முன்னரே யாரோ கண்டுகொண்டிருக்கிறார்கள்.

கேலனுக்கு மல்லர்கள் மீது மதிப்பில்லை. அளவின்றித் தின்பதும், தூங்குவதும், சதையை ஏற்றுவதுமே அவர்கள் வாழ்வு என்று கடுமையாகச் சாடினார். அவருக்கு முன்னரே ஹிப்போகிரட்டீஸ், மல்லனுடைய உடலின் உச்சநிலை ஆபத்தானது என்றும், உச்சத்தில் நிற்பது அங்கேயே நிற்காது என்றும் கருத்துரைத்திருந்தார். இந்நூல்களெல்லாம் பக்தாதுக்கு வந்தன. ஹிஜ்ரி 260-ல், அதாவது கி.பி. 873-ல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலனின் நூல்கள் 129-ஐப் பெயர் சொல்லி, எது யாரால் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்க்கப்பட்டது என்று பட்டியலிட்டிருக்கிறார். உணவுகளின் ஆற்றலைப் பற்றிய நூல் அவற்றுள் ஒன்று. ஹுனைன் இஸ்லாமியர் அல்லர், கிறிஸ்தவர். கலீஃபாக்களின் அவை அவருக்குத் தந்த மதிப்பை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

அரபு மருத்துவர்கள் வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அர்ராஸி உணவுகளின் நன்மையையும், அவற்றால் விளையும் தீங்கைத் தடுப்பதையும் பற்றித் தனி நூலே செய்தார். இப்னு ஸீனா தம் ‘அல் கானூன்’ முதற் பாகத்தில் ரியாளத்துக்கு இலக்கணம் வகுத்தார். மூச்சு ஆழ்ந்தும் அடுத்தடுத்தும் வரும்படி செய்கிற, நாமே விரும்பிச் செய்யும் அசைவு எதுவோ அதுவே உடற்பயிற்சி என்பது அதன் கருத்து. எத்தனை கூர்மையான பார்வை! சதையின் பருமனைச் சொல்லாமல் மூச்சைச் சொன்னார். முந்தின நாள் உணவு முற்றச் செரித்த பின்னரே பயிற்சியில் இறங்க வேண்டும் என்றும் நேரம் குறித்தார். ஆயினும் அவர்கள் நோக்கம் உடல்நலம் பேணுவது, பந்தயம் வெல்வதன்று. இறைச்சியா தானியமா என்ற வழக்கு தீர்ப்பின்றியே நின்றது.

அதற்குத் தவறான தீர்ப்பொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் வேதியியலார் ஒருவரே வழங்கினார். அவர் ஜெர்மனியின் யூஸ்டுஸ் லீபிக். 1842-ல் வெளியிட்ட நூலில் அவர் சொன்னது இது: தசை வேலை செய்யும்போது தசையே எரிகிறது, எரிந்த தசையை ஈடு செய்வது புரதம், ஆகவே உழைப்பவனுக்குப் புரதமே வலிமை, மாவும் கொழுப்பும் உடலின் சூட்டுக்கு மட்டுமே. விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒளி தருவது எண்ணெய். திரி அதனை ஏந்தி நிற்பது. லீபிக் சொன்னது, திரி எரிந்துதான் வெளிச்சம் வருகிறது என்பது போன்றது. ஆனால் சொன்னவர் பெரியவர். உலகம் தலை வணங்கியது. 1865-ல் அவர் பெயராலேயே ஒரு நிறுவனம் எழுந்து, தென் அமெரிக்க மாடுகளின் இறைச்சிச் சாற்றைப் புட்டியில் அடைத்து விற்றது. அச்சாற்றில் புரதம் மிகக் குறைவு என்று பிறகு மற்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அதே 1865-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 30. சுவிட்சர்லாந்தில் ஃபௌல்ஹார்ன் என்றொரு மலை. அதன் அடிவாரத்து ஏரிக்கரையில் விடியற்காலையில் இருவர் நின்றார்கள். இருவரும் ஜூரிச் நகரத்துப் பேராசிரியர்கள். அடால்ஃப் ஃபிக் உடலியங்கியல் கற்றவர். யோஹனஸ் விஸ்லிசீனஸ் வேதியியல் கற்றவர். முந்தின நாள் நண்பகல் முதல் அவர்கள் புரதம் கலந்த எதையும் வாயில் வைக்கவில்லை. மாவைக் குழைத்துக் கொழுப்பில் பொரித்த அப்பமும் சர்க்கரையுமே உணவு. உச்சியை அடையுமட்டும் அதே விரதம். ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் 1,956 மீட்டர் உயரம் ஏறினார்கள். வழியில் கழித்த சிறுநீரையெல்லாம் புட்டிகளில் சேர்த்தார்கள். இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் வழக்கின் சாட்சி அந்தப் புட்டிகளுக்குள் இருந்தது. உடலில் புரதம் எரிந்தால் அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறியாக வேண்டும். எனவே நைட்ரஜனை அளந்தால் எரிந்த புரதத்தின் அளவு தெரிந்துவிடும்.

தெரிந்தது. ஆளுக்கு ஏறத்தாழ 37 கிராம். இனி இன்னொரு பக்கக் கணக்கு. ஃபிக்கின் எடை 66 கிலோ. அவ்வுடலை 1,956 மீட்டர் உயர்த்தச் செலவான வேலை 1,29,096 கிலோகிராம்-மீட்டர். 37 கிராம் புரதம் எவ்வளவு ஆற்றல் தரும் என்பதை மறு ஆண்டு இலண்டனில் எட்வர்டு ஃபிராங்க்லாந்து எரித்தே அளந்தார். அவர் ஃபிக்கின் சகோதரியை மணந்தவர். குடும்பத்துக்குள்ளேயே விஞ்ஞானம் நடந்திருக்கிறது. எரிந்த புரதம் முழுவதும் ஒரு துளியும் வீணாகாமல் வேலையாக மாறியிருந்தாலும், மலையேறிய வேலையில் ஏறத்தாழப் பாதியைத்தான் அது ஈடு செய்யும். இதயத்தின் துடிப்பையும், மூச்சின் உழைப்பையும், வியர்வையாய்ப் போன சூட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மிச்சப் பாதியும் அதற்கு மேலும் எங்கிருந்து வந்தன? அப்பத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் உடலின் சேமிப்பிலிருந்தும் வந்தன. எரிந்தது எண்ணெய், திரியன்று.

லீபிக்கின் செல்வாக்கு ஒரே நாளில் சாய்ந்துவிடவில்லை. உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்ற ஜெர்மானிய விதி பல்லாண்டுகள் ஆட்சி செய்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் சிட்டெண்டன் தம் மீதும், படைவீரர்கள் மீதும், எட்டு விளையாட்டு மாணவர்கள் மீதும் சோதனை நடத்தினார். அதில் பாதியளவு புரதத்தோடு மாதக்கணக்கில் வாழ்ந்தும் அவர்கள் வலிமை குறையவில்லை என்று 1904-ல் வெளியிட்டார். அவர் எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டார் என்பது என் எண்ணம். திரி இல்லாமலும் விளக்கு இல்லை அல்லவா!

எண்ணெய் எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி மீந்து நின்றது. 1924-ல் பாஸ்டன் நகரின் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். சோர்ந்து சரிந்தவர்களிடம் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, ஓட்டத்துக்கு முன் மாவுணவு மிகுதியாகத் தந்து, வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். சரிவு நின்றது. பின்னர் 1966-ல் ஸ்டாக்ஹோமில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். நிலையாக நிறுத்திய ஒரே மிதிவண்டியின் இரு புறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் ஓய்ந்து போகுமளவுக்கு மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. அடுத்த மூன்று நாட்கள் மாவுணவே உண்டு, தொடைத் தசையில் ஊசி செலுத்தித் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலின் தசையில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை, சும்மாயிருந்த காலைப் போல இரு மடங்கு ஏறியிருந்தது. ஒரே மனிதர், ஒரே இரத்தம், ஒரே உணவு. உழைத்த காலே சேமித்தது!

மறு ஆண்டுச் சோதனை அதனினும் தெளிவானது. மாவுணவு குறைத்து மிதிவண்டி மிதித்தவர்கள் ஏறத்தாழ 57 நிமிடத்தில் ஓய்ந்தார்கள். கலப்புணவு உண்டபோது 114 நிமிடம் தாங்கினார்கள். மாவுணவு மிகுத்தபோது 167 நிமிடம் தாங்கினார்கள். கடைக்காரர் பழித்த சோற்றின் மதிப்பு இதுதான்.

அப்படியானால் புரதம் வேண்டாமா என்று என் மாணவர் கேட்டார். வேண்டும். உழைப்பில் தேயும் தசையைப் புதுப்பிப்பதும் வளர்ப்பதும் அதுவே. சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும். விளையாட்டு வீரருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்பது 2016-ல் அமெரிக்க, கனடிய அமைப்புகள் கூடி வெளியிட்ட நிலைப்பாடு. மாவுணவோ, நாள்தோறும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம். அதற்கும் மேல் உழைப்பவருக்கு இன்னும் கூடும். ஒரு கிராம் மாவும் ஒரு கிராம் புரதமும் நான்கு கலோரி தரும். கொழுப்பு ஒன்பது தரும்.

தாளை எடுத்து அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அறுபது கிலோவுக்கு, கிலோவுக்கு 1.6 வீதம் 96 கிராம் புரதம். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி சமைத்தால் அதிலேயே 28 கிராம் வந்துவிடுகிறது. சோற்றில் புரதமே இல்லை என்று நினைப்பவர் பலர். பருப்பு 75 கிராமில் 17. இரண்டு முட்டையில் 12. அரை லிட்டர் பாலில் 16. மத்தி மீன் 100 கிராமில் 20. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 6. கூட்டிப் பார்த்தால் 99. டப்பா திறக்கப்படாமலே கணக்கு நிறைந்துவிட்டது. பொடி தீங்கானது என்று நான் சொல்லவில்லை. அது பாலிலிருந்து பிரித்த புரதம், அவ்வளவே. வீட்டில் இவையெல்லாம் கிடைக்காதவருக்கு அது உதவலாம். ஆனால் 2000-க்கும் 2002-க்கும் இடையில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம், 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளைச் சோதித்தபோது, 94-ல் மேலட்டையில் சொல்லப்படாத ஹார்மோன் கலப்பு இருந்தது. போட்டியில் ஆடும் பிள்ளை, தான் அறியாமல் தின்றதற்காகவும் தடை செய்யப்படக்கூடும்.

வைட்டமின்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. குறைந்தால் தீங்கு உண்டு. நிறைந்திருக்கும்போது மேலும் விழுங்குவதால் வேகம் கூடுவதில்லை. தாதுக்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று இரும்பு. ஓடியாடும் பெண் பிள்ளைகளிடம் அது மிக எளிதில் குறைந்துவிடுகிறது. சோர்வு என்று நாம் கடிந்துகொள்வது பல வேளை இரத்தசோகையாக இருக்கும். உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு ஏறும். உண்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். நம் வீடுகளில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? மற்றொன்று சுண்ணாம்புச் சத்து. பாலும், முள்ளோடு மெல்லும் சிறு மீனும், கேழ்வரகும் அதைத் தரும்.

வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. 1965-ல் ஃபுளோரிடாவில் ராபர்ட் கேட் என்ற மருத்துவர், கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக நீரும் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்த பானம் செய்தார். அது பின்னர் பெருவணிகமாயிற்று. குடலில் சர்க்கரை செல்லும்போது உப்பையும் நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது என்பதே அதன் உட்பொருள். 1971-ல் வங்க அகதிகளின் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் காலராவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்ததும் இதே சர்க்கரை உப்புக் கரைசலால்தான். ஒன்று கண்ணாடிப் புட்டியில் விற்பனைக்குப் போயிற்று. மற்றொன்று ஏழைகளின் தொண்டைக்குப் போயிற்று. நீரை அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்தே. 2002-ல் பாஸ்டனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு உப்பு தாழ்ந்திருந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், “ரமளானில் என்ன செய்வது, ஹஜ்ரத்?” என்று கேட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹகீம் ஒலாஜுவான் 1995-ல் நோன்பு வைத்தபடியே ஆடி, அந்தப் பிப்ரவரி மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வானதைச் சொன்னேன். 2012 இலண்டன் ஒலிம்பிக் ரமளானில் வந்தபோது, பயணிக்குரிய சலுகையைக் கைக்கொண்டு பின்னர் நோற்றவர்கள் பலர் என்பதையும் சொன்னேன். தசையிலும் ஈரலிலுமாகச் சேர்வது அரைக் கிலோ அளவுச் சர்க்கரைதான். அதை இரவில் நிரப்பிக்கொண்டால் பகலைக் கடக்கலாம். நம் வெயிலில் முந்தித் தீர்வது நீர். ஆதலால் கடும் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் ஊற்றும் கஞ்சியில் அரிசி உண்டு, பாசிப்பருப்பு உண்டு, உப்பு உண்டு, நீரும் உண்டு.

“அப்படியானால் கஞ்சியை ஏன் பட்டியலில் எழுதவில்லை?” என்றார். தாளை வாங்கி அதையும் எழுதிக் கொடுத்தேன். டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு வர மறுநாள் தாயாரோடு போயிருக்கிறார்.